இந்து சமுத்திரத்தில் ஜேர்மானிய நீர்மூழ்கிகள்

என் குரலை இப்பொழுது உங்கள் இல்லங்களுக்குக் கொண்டுவருகின்ற இந்த வானொலிக்கும் ஜேர்மானிய நீர்மூழ்கிக் கப்பலொன்றுக்கும் பழைய உறவு ஒன்று உண்டு. 1920ஆம் ஆண்டுகளின் முற்பகுதியிலே, கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தின் சிறிய அறையொன்றிலிருந்து எட்வேட் ஹாப்பர் என்னும் பொறியியலாளர் இசைத்தட்டுக்களை வானில் ஒலிபரப்பிப் பரிசோதனை செய்தார். அப்பொழுது பயன்பட்ட சிறு ஒலிபரப்பி, முதலாம் மகாயுத்தத்திற் கைப்பற்றப்பட்ட ஜேர்மானிய நீர்மூழ்கியொன்றின் வானொலிக் கருவிகளைக் கொண்டு அமைக்கப்பட்டது என்று நம் வானொலியின் வரலாறு கூறுகின்றது. 1925 டிசெம்பர் 16ஆந் திகதி கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. கப்பல்களைக் கவிழ்க்கப் புறப்பட்ட கலத்தின் உறுப்பொன்று எங்கள் ஊர்களுக்குப் பாட்டுக் கொண்டுவந்தது.

அந்த நீர்மூழ்கி நம் கடலுக்கு வந்ததன்று. முதலாம் யுத்தத்தில் நம் கடலைக் கலக்கியது நீரின்மேல் ஓடிய எம்டன் என்னும் கப்பல். 1914 செப்டெம்பர் 22ஆந் திகதி இரவு அது சென்னையின்மீது குண்டு வீசியது. பின்னர் இலங்கைக்கு அருகேயும் கப்பல்களை மூழ்கடித்தது. அதன் பெயரே தமிழிலும் சிங்களத்திலும் சூழ்ச்சிக்காரனைக் குறிக்கும் சொல்லாக நிலைத்துவிட்டது. நீர்மூழ்கிகள் வந்தது அடுத்த யுத்தத்திலேதான். ஆனால் எம்டனை அறிந்த நம்மவருள், 1943 முதல் இக்கடலில் உலாவிய நீர்மூழ்கிகளை அறிந்தவர் மிகச் சிலர். நகரத்தின்மீது குண்டு போட்டவன் பெயர் ஊருக்குத் தெரிகிறது. நடுக்கடலில் இரவோடிரவாகக் கப்பலைக் கவிழ்த்தவன் பெயர் தெரிவதில்லை.

புத்தளம் மாவட்டக் கரையிலே பாடசாலை நடத்தும் ஒருவனுக்கு இதில் என்ன அக்கறை என்று நீங்கள் வினவலாம். புத்தளத்திலிருந்து கொழும்பு வீதியிற் சிறிது தூரம் தெற்கே வந்தால், கற்பிட்டிக்குப் பாதை பிரியும் இடத்திலே பாலாவி என்னும் ஊர் இருக்கின்றது. இரண்டாம் மகாயுத்தத்தின்போது பிரித்தானியக் கடற்படை அங்கே ஒரு விமானத்தளம் அமைத்தது. விமானந்தாங்கிக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்குங் காலத்தில் அவற்றின் விமானங்கள் தரையிறங்கித் தங்குமிடம் அது. அதற்கு அவர்கள் இட்ட பெயர் ராஜாலியா. சிங்களத்திற் கழுகினத்துப் பறவையைக் குறிக்கும் சொல். தமிழ்க் காதுக்கு அது இராசாளியேயன்றி வேறன்று. அத்தளத்திலே யானையொன்று கோர்செயர் வகைப் போர்விமானத்தை இழுத்துச் செல்லும் புகைப்படம் ஒன்று உண்டு. மாணவர்களுக்கு அதனைக் காட்டும்பொழுதெல்லாம், இத்துணை பெரிய யுத்தம் இந்தச் சிற்றூருக்கு ஏன் வந்தது என்ற வினா எழும். அதற்கு விடை சொல்லக் கடலைப் பற்றிச் சொல்லல் வேண்டும்.

பாக்கு நீரிணையும் இராமர் அணையும் ஆழமற்றவை. பெருங்கப்பல் எதுவும் அவ்வழியே செல்லமாட்டாது. ஆகவே பம்பாயிலிருந்து கல்கத்தாவுக்குச் செல்வதாயினும், ஏடனிலிருந்து கிழக்கே செல்வதாயினும், கப்பல்கள் இலங்கையைத் தெற்கே சுற்றியே ஆகவேண்டும். நாலு வீதிகள் கூடும் சந்தியிலே கடை வைத்தவனைப் போலக் கொழும்புத் துறைமுகம் அமைந்திருக்கின்றது. சந்தியிலே கள்வனும் வந்து நிற்பான். எங்கள் புத்தளக் களப்பு உப்பு விளையும் ஆழங்குறைந்த நீர். பெரும்பகுதியில் ஓர் ஆளாழமே காணும். ஆனால் கற்பிட்டிக் குடாநாட்டுக்கு மேற்கே சென்றால் கடலின் அடித்தளம் சரேலென்று இறங்கிவிடும். திமிங்கிலங்கள் அங்கே வருவது அதனாலேயே. நீர்மூழ்கிக்கும் வேண்டியது அவ்வாழமே.

இனி அக்கலங்களின் அமைப்பைப் பார்ப்போம். ஜேர்மானியர் அந்த யுத்தத்திற் பெருந்தொகையாகக் கட்டியது ஏழாம் வகுப்பு நீர்மூழ்கி. அவ்வகுப்பில் ஏறத்தாழ 700 கட்டப்பட்டன. 67 மீற்றர் நீளமுடைய சிறு படகு அது. சாதாரண வேகத்தில் 8,500 கடல்மைல் வரை ஓடும். அத்திலாந்திக் சமுத்திரத்துக்கு அது போதும். நன்னம்பிக்கை முனையைச் சுற்றி நம் கடலுக்கு வந்து திரும்ப அது போதாது. நெடுந்தூரத்துக்கென்று வகுக்கப்பட்டது ஒன்பதாம் வகுப்பு. அதில் ஏ, பி, சி, டி என்று பிரிவுகள் உண்டு. இவற்றுள் நம் கதைக்கு உரியவை இரண்டு. 76 மீற்றருக்குச் சற்று மேற்பட்ட நீளமும் 13,850 கடல்மைல் ஓட்டமும் உடைய சி-40 என்பது ஒன்று; பிரேமன் நகரத்துக் கப்பற் கட்டுதளத்தில் 28 மட்டுமே கட்டப்பட்ட டி-2 என்பது மற்றொன்று.

இந்த டி-2 பிரிவே இன்றைய பேச்சின் தலையாய பொருள். நீளம் 87 மீற்றருக்கு மேல். நீரின்மேல் மிதக்கும்போது எடை 1,610 தொன். உள்ளே வலிய உருளையான ஓர் உடல். நீரின் அழுத்தத்தைத் தாங்குவது அது. அதற்கு வெளியே மற்றோர் உடல். இரண்டுக்கும் இடையிலுள்ள வெளியிலே எரியெண்ணெய்த் தொட்டிகள். நானூறு தொன்னுக்கு மேற்பட்ட எண்ணெய் கொள்ளும். வேகமாக ஓடுவதற்கு இரண்டு பெரிய டீசல் இயந்திரங்கள். அவற்றை நிறுத்திவிட்டு எண்ணெயைச் சிக்கனமாகச் செலவிட்டு மெல்லச் செல்வதற்கு இரண்டு சிறிய டீசல் இயந்திரங்கள். இவ்வாறு மணிக்கு 10 கடல்மைல் வேகத்தில் 31,500 கடல்மைல் செல்லலாம் என்று கணித்தார்கள். பூமியின் சுற்றளவே 21,600 கடல்மைல்தான் என்பதை நினைவிற் கொண்டால், அந்த எண்ணின் பெருமை விளங்கும். முன்பக்கம் நான்கு குழாய்கள், பின்பக்கம் இரண்டு. எடுத்துச் செல்லும் டோர்ப்பீடோக்கள் 24. அறுபது பேரளவில் மாலுமிகள்.

இவையெல்லாம் நீரின்மேல் ஓடுங்கால் உள்ள வல்லமை. நீர்மூழ்கி என்று பெயரிருந்தாலும் அக்காலத்து நீர்மூழ்கி உண்மையில் நீரின்மேல் ஓடி, வேண்டும்போது மட்டும் மூழ்கும் படகே. மூழ்கியபின் டீசல் ஓடாது. மின்கலங்களின் சக்தியிலே ஊர்ந்து செல்லவேண்டும். டி-2 படகு மணிக்கு 4 கடல்மைல் வேகத்தில் நீருக்கடியில் 57 கடல்மைல் மட்டுமே செல்லும். அஃது ஏறத்தாழ 105 கிலோமீற்றர். கொழும்பிலிருந்து புத்தளம் வரை வீதியாற் செல்லும் தூரங்கூட அன்று. உலகத்தை ஒன்றரைச் சுற்றுச் சுற்றவல்ல கலம், ஒளிந்துகொண்டு செல்லவேண்டி வந்தால் புத்தளத்தை எட்டாமல் வழியிலே மூச்சிழந்துவிடும்! மேலும் உடல் பெருத்ததனால் விரைந்து மூழ்கவும் அதனால் இயலவில்லை. வானில் விமானம் தோன்றினால், நீருக்குள் மறைய எடுக்குஞ் சில விநாடிகளே உயிர். ஏழாம் வகுப்புச் சிறுபடகு தப்பும் இடத்திலே இந்தப் பெரும்படகு தப்பாது. தூரத்தை வெல்வதற்காகக் கொடுத்த விலை இது. பின்னே நடந்த நல்லதும் தீயதும் பலவும் இந்த விலையிலிருந்தே பிறந்தன என்பது என் எண்ணம்.

நெடுந்தூரம் பார்க்கவும் ஒரு வழி கண்டார்கள். நீர்மூழ்கியின் கோபுரம் தாழ்ந்தது. அதில் நிற்பவனுக்குச் சில மைலுக்கு அப்பால் எதுவும் தெரியாது. ஆதலால் இயந்திரமில்லாத, சுழலும் இறகுகளுடைய ஒரு பொறியிலே மனிதன் ஒருவனை அமர்த்தி, கம்பியிற் கட்டிப் பட்டம் விடுவதுபோல் ஏறத்தாழ 120 மீற்றர் உயரத்தில் விட்டார்கள். வாலாட்டிக் குருவி என்று அதற்குப் பெயர். 1943 ஆகஸ்ட் 6ஆந் திகதி யூ-177 என்னும் டி-2 படகு இதன் உதவியால் மடகாஸ்கருக்கு அப்பால் ஒரு கிரேக்கக் கப்பலைக் கண்டு மூழ்கடித்தது. ஆனால் பகைவிமானம் வந்துவிட்டால் மேலே இருப்பவனை இறக்கி ஏற்றும்வரை படகு மூழ்க முடியாது. அந்தக் குருவியில் ஏற எத்தனை பேர் மனமுவந்து முன்வந்திருப்பார்கள் என்பது எனக்கு ஐயமே.

இப்பிரிவுக்கு முன்பிறந்த டி-1 பிரிவில் இரண்டே படகுகள் கட்டப்பட்டன. விரைவுப் படகுகளின் இயந்திரங்கள் ஆறு பொருத்திப் பார்த்தார்கள். வேகம் வந்தது, புகையும் வந்தது, எண்ணெயும் விரைவிற் செலவாயிற்று. தோல்வியுற்ற அமைப்பு என்றே சொல்லலாம். ஆயினும் அவற்றுள் ஒன்றான யூ-180 தமிழர் நினைவில் இடம்பெற வேண்டியது. 1943 பெப்ரவரியில் ஜேர்மனியின் கீல் துறைமுகத்திலிருந்து சுபாஷ் சந்திர போசும் அவருடைய உதவியாளர் ஆபிட் ஹசனும் புறப்பட்டது இதில்தான். ஏப்ரில் இறுதியில் மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே யப்பானிய நீர்மூழ்கி ஐ-29 எதிர்வந்தது. அலை கொந்தளிக்கும் கடலிலே இறப்பர்ப் படகொன்றில் ஏறி இருவரும் மறுகலத்துக்கு மாறினார்கள். மே மாதத்தில் சுமாத்திராவுக்கு அண்மையிலுள்ள சபாங் தீவை அடைந்தார்கள். அதன்பின் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிலிருந்து ஆணும் பெண்ணுமாகத் தமிழர் ஆயிரக்கணக்கில் அவருடைய சேனையிற் சேர்ந்த வரலாறு நீங்கள் அறிந்ததே.

இனி, படகுகள் நம் கடலுக்கு வந்த வகை. 1942 ஏப்ரிலில் யப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்னும் விமானந்தாங்கி மூழ்கியது. பிரித்தானியக் கப்பற்படை கிழக்காபிரிக்காவிலுள்ள கிலிண்டினிக்கு ஒதுங்கியது. அதே ஆண்டில் ஜேர்மனியும் யப்பானும் கடலைப் பங்கிட்டுக்கொண்டன: 70 பாகை கிழக்கு நெடுங்கோட்டுக்கு மேற்கே ஜேர்மானியர், கிழக்கே யப்பானியர். எங்கள் கரை ஏறத்தாழ 80ஆம் பாகையில் இருப்பதால் நாம் யப்பானியர் பங்கில் விழுந்தோம். நம்மைக் கேளாமல் நம் கடலைப் பங்கிட்டது அதுவே முதன்முறையன்று என்பது வேறு கதை. ஆனால் 1943இல் அத்திலாந்திக்கில் ஜேர்மானிய நீர்மூழ்கிகள் தாங்கொணாத இழப்படைந்தன. கப்பல்கள் காவலின்றித் தனித்தனியே செல்லும் கடல் எது என்று தேடியபோது அவர்கள் கண் இந்து சமுத்திரத்தின்மேல் விழுந்தது. யப்பானியர் பினாங்குத் துறைமுகத்தில் இடங்கொடுத்தனர்.

இத்தாக்குதலுக்கு அனுப்பிய படகுத் தொகுதிக்கு ஜேர்மானியர் இட்ட பெயர் மொன்சூன். பருவக்காற்று என்பது பொருள். வெறும் பெயரன்று அது. சோளகம் ஓய்ந்தபின் தாக்குதல் தொடங்கவேண்டும் என்பது திட்டம். இதனைப் படித்தபோது எனக்கு எங்கள் உடப்பு மீனவர் நினைவு வந்தது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் மேற்குக் கரைக்கடல் தொழிலுக்கு இடந்தராது; அவர்கள் முல்லைத்தீவுப் பக்கம் சென்று வாடியமைத்துத் தொழில் செய்து, காற்று ஓய்ந்ததும் திரும்புவார்கள். பேர்லினில் இருந்த கடற்றளபதியும் அதே காற்றைப் பார்த்தே நாள் குறித்தான். பேரலையில் தாழ்ந்த கோபுரத்திலிருந்து இரை தெரியாது. டோர்ப்பீடோவும் நேரே ஓடாது. கடல் தன் சட்டத்தைத் தோணிக்கும் நீர்மூழ்கிக்கும் ஒன்றாகவே வைத்திருக்கின்றது.

முதற் தொகுதியிற் புறப்பட்டவற்றுட் பல அத்திலாந்திக்கிலேயே விமானங்களுக்கு இரையாயின. ஐந்தே இந்து சமுத்திரத்தை அடைந்தன. ஐந்தும் சி-40 பிரிவின. மொரீசியசுக்குத் தெற்கே ஓர் எண்ணெய்க் கப்பலிடம் எண்ணெய் பெற்றுக்கொண்டு தத்தம் பகுதிக்குப் பிரிந்தன. ஓமான் குடாவுக்குச் சென்ற யூ-533ஐ விமானமொன்று 1943 அக்டோபரில் மூழ்கடித்தது. அதிலிருந்து உயிர்தப்பியவன் ஒருவனே. இலங்கைக்கும் மலபாருக்கும் மேற்கேயுள்ள கடலுக்கு வந்தது யூ-532. தலைவன் பெயர் யுங்கர். செப்டெம்பர் 19 முதல் அக்டோபர் 11 வரையான மூன்று வாரங்களுக்குட் போர்ட் லோங்கேய், பான்ஃப்ஷயர், தாசினியா, ஜலபாலா என்னும் நான்கு கப்பல்களை அது மூழ்கடித்தது. ஜலபாலா இந்தியருக்குச் சொந்தமான சிந்தியா கம்பனியின் கப்பல். மலபார்க் கரைக்கு அப்பால் மூழ்கியது.

இவற்றுட் போர்ட் லோங்கேயின் கதையைச் சிறிது நின்று கேட்க வேண்டும். அக்கப்பலிலிருந்து தப்பியவர் இருவர்; இருவரும் இந்திய மாலுமிகள். மிதவையொன்றில் அவர்கள் 134 நாள் மிதந்தார்கள். மழைநீரைக் குடித்து, கையில் அகப்பட்ட மீனையும் பறவையையும் உண்டு, சமுத்திரத்தின் குறுக்கே அள்ளுண்டு சென்று சுமாத்திராப் பக்கத்துத் தீவொன்றில் ஒதுங்கினார்கள். அங்கே யப்பானியர் அவர்களைச் சிறைப்பிடித்தனர். நூற்று முப்பத்துநான்கு நாள் என்றால் நாலரை மாதம். பிரித்தானிய வணிகக் கப்பல்களில் அடுப்பெரித்தவருள்ளும் தளம் கழுவியவருள்ளும் பலர் இத்தகைய இந்தியக் கப்பலாட்களே. யுத்த வரலாறுகளில் தளபதிகளின் பெயர் முழுமையாக வரும். இவர்கள் "இந்திய மாலுமிகள் இத்தனை பேர்" என்று தொகையாக மட்டும் வருவார்கள். நீர்மூழ்கிகள் சில வேளைகளிற் பாய்மரக் கலங்களையும் விடவில்லை. டோர்ப்பீடோவைச் செலவிடும் பெறுமதி அவற்றுக்கு இல்லையென்று பீரங்கியாற் சுட்டு மூழ்கடித்தன. அக்கலங்களில் இருந்தவர் யார், எவ்வூரவர் என்று எழுதிவைத்தவர் மிகச் சிலர்.

1944இல் டி-2 பெரும்படகுகள் வந்தன. அவற்றின் உறுதிக்கு முன்னரே சான்று கிடைத்திருந்தது. வொல்ப்காங் லூத் என்பவனின் யூ-181, 1943இல் பிரான்சிலுள்ள போர்டோவிலிருந்து புறப்பட்டு, தென்னாபிரிக்கா, மொரீசியஸ் வரை உலாவி, 10 கப்பல்களை மூழ்கடித்து 206 நாள் கழித்துத் திரும்பியது. யூ-196 என்பது 225 நாள் கடலில் நின்றது. அந்த யுத்தத்தில் எந்த நீர்மூழ்கியும் அதனினும் நீண்டகாலம் ஒரே பயணத்தில் நின்றதில்லை. வெயில் சுடும் கடலிலே, இரும்புக் குழாய்க்குள், எண்ணெய் நாற்றத்தோடும் வியர்வையோடும் அறுபது பேர் ஏழு மாதம்! பகைவராயினும் அந்தப் பொறுமையை வியக்காமல் இருக்க இயலவில்லை. இதே யூ-181 வேறொரு தலைவனின் கீழ் 1944 ஜூலையில் மங்களூருக்கு அப்பால் தாண்டா என்னும் கப்பலை மூழ்கடித்து, போர்டோவை விட்டு ஏறத்தாழ ஐந்து மாதத்தின்பின் ஆகஸ்டில் பினாங்கை அடைந்தது.

இக்கப்பல்கள் மூழ்கியதால் நமக்கு நேர்ந்தது என்ன? அக்காலத்து இலங்கை உண்ட அரிசியிற் பாதிக்கு மேற்பட்டது கடல்வழியே வந்தது. அதிலும் பர்மா அரிசியே மிகுதி. 1942இல் பர்மா யப்பானியர் கைக்குப் போனது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. பாணும் கோதுமை மாவும் நம் வீடுகளிற் சோற்றின் இடத்தைப் பிடிக்கத் தொடங்கியது அந்நாளிலேதான். அந்த மாவும் கப்பலில்தான் வரவேண்டும். மெல்பேணிலிருந்து கொழும்புக்கு மாக்கொண்டு வந்த சிசாலாக் என்னும் ஒல்லாந்தக் கப்பலை 1944 மார்ச் 26ஆந் திகதி யப்பானிய நீர்மூழ்கி ஐ-8 மூழ்கடித்தது. மாலுமிகளைத் தன் தளத்தின்மேல் ஏற்றி ஒவ்வொருவராக வெட்டியும் சுட்டும் கொன்றது. தப்பியோர் ஐவரே. கூப்பன் கடையில் மா இல்லையென்று திரும்பிய தாய்மார் எத்தனை பேருக்கு அந்த மாவின் கதை தெரிந்திருக்கும்?

யப்பானியர் செய்தது அது. ஜேர்மானியர் படகொன்றும் அதே மாதத்தில் இத்தகைய செயலொன்றைச் செய்தது. அது டி-2 பிரிவைச் சேர்ந்த யூ-852. தலைவன் ஹைன்ஸ் எக். நம் கடலுக்கு வரும் வழியில், 1944 மார்ச் 13ஆந் திகதி இரவு, அத்திலாந்திக்கில் பெலியஸ் என்னும் கிரேக்கக் கப்பலை அது மூழ்கடித்தது. பல தேசத்தவரான 35 பேர் அதில் இருந்தனர். தப்பியவர்கள் மிதவைகளைப் பற்றிக்கொண்டு இருளில் மிதந்தனர். எக் அம்மிதவைகளின்மீது துப்பாக்கியாலும் கைக்குண்டாலும் தாக்கும்படி கட்டளையிட்டான். மணிக்கணக்காக இது நடந்தது. ஐந்து வாரத்துக்குப் பின் போர்த்துக்கேயக் கப்பலொன்று எடுத்துக் காப்பாற்றியபோது மூவர் உயிரோடிருந்தனர்.

ஏன் இதைச் செய்தான்? யுத்தம் முடிந்தபின் ஹம்பேர்க்கில் நடந்த வழக்கிலே அவன் கூறிய விடை நம் பொருளோடு நேரே தொடர்புடையது. தன் வகைப் படகுகள் பெரியவை, மந்தமானவை. இதே வழியில் முன்வந்த படகுகள் பல அழிந்துபோயின என்று புறப்படுமுன் அவனுக்கு எச்சரிக்கை செய்திருந்தார்கள். காலையில் விமானம் மிதவைகளைக் கண்டால் அருகே நீர்மூழ்கி இருப்பதை அறிந்துகொள்ளும். ஆதலால் தடயத்தை அழித்தேன், மனிதரைக் கொல்வது என் நோக்கமன்று என்றான். வரைபடத்திலே பொறியியலாளன் எண்ணெய்க்கு இடம் வைத்து உடலைப் பெருக்கினான்; பெருத்த உடல் மெல்ல மூழ்கியது; மெல்ல மூழ்கும் அச்சம் ஒருவனைக் கொலைகாரனாக்கியது என்று இதனை விளக்குவோர் உளர். நான் அதனை ஒப்பேன். அதே வகைப் படகில் அதே அச்சத்தோடு வந்த பிற தலைவர்கள் இதனைச் செய்யவில்லை. நீதிமன்றமும் அவன் வாதத்தை ஏற்கவில்லை. எக்கும், படகின் வைத்தியரும், அதிகாரி ஒருவரும் 1945 நவம்பர் 30ஆந் திகதி சுட்டுக்கொல்லப்பட்டனர். கட்டளை பிழையென்று தலைவனிடமே சொல்லி, பின்னர் தானுஞ் சுட்ட பொறியியல் அதிகாரிக்கு ஆயுட்சிறை. தடயம் அழித்தும் பயன் விளையவில்லை. மே மாதத் தொடக்கத்தில் ஏடனிலிருந்து வந்த விமானங்கள் சோமாலியாக் கரைக்கருகே அப்படகைக் கண்டு தாக்கின. தரைதட்டிய படகிலிருந்து கைப்பற்றிய நாட்குறிப்பே அவனுக்கெதிராகச் சான்று பகர்ந்தது.

இதற்குள் பிரித்தானியர் மீண்டும் இலங்கைக்கு வந்துவிட்டனர். கொழும்பில் அண்டர்சன் என்னும் இடத்திலே வானலைகளை ஒற்றுக்கேட்கும் நிலையமொன்று இயங்கியது. அங்கே பெரும்பாலும் யப்பானியச் செய்திகளைக் கேட்டனர். இங்கிலாந்திலோ ஜேர்மானியரின் இரகசியக் குறியீட்டை உடைத்துப் படித்துக்கொண்டிருந்தனர். தூரத்துப் படகு தாயகத்தோடும் எண்ணெய்க் கப்பலோடும் வானொலியிற் பேசாமல் வாழ இயலாது. பேசினாலோ பகைவன் காதில் விழும். 1944 பெப்ரவரியில் சார்லொட் ஸ்லீமன், மார்ச் 12ஆந் திகதி பிராக் என்று, இந்து சமுத்திரத்தில் நீர்மூழ்கிகளுக்கு எண்ணெய் கொடுத்த இரு கப்பல்களும் அவ்வாறே கண்டுபிடிக்கப்பட்டு அழிந்தன. படகை அழிப்பதினும் அதன் எண்ணெயை அழிப்பது எளிது என்பதைப் பிரித்தானியர் நன்கு அறிந்திருந்தனர். சி-40 படகுகள் அன்றுமுதல் வீடு திரும்ப வழியின்றித் தவித்தன. பினாங்கிலோ தக்க உதிரிப்பாகமும் இல்லை, டோர்ப்பீடோவும் போதியதில்லை. இருந்தவற்றின் மின்கலங்களும் வெப்பத்தாற் கெட்டன.

பினாங்கின் வாசலிலே காவல் நின்றவை திருகோணமலையிலிருந்து சென்ற பிரித்தானிய நீர்மூழ்கிகள். யூ-859 என்னும் டி-2 படகு பாதரசம் முதலிய சரக்கோடு 1944 ஏப்ரிலில் கீலை விட்டுப் புறப்பட்டது. ஐந்தரை மாதம் இரண்டு சமுத்திரங்களைக் கடந்து, செப்டெம்பர் 23ஆந் திகதி பினாங்குக்கு அருகே மேலெழுந்து வந்தது. இன்னும் சிறிது நேரத்தில் துறைமுகம். அங்கே டிரெஞ்சன்ட் என்னும் பிரித்தானிய நீர்மூழ்கி காத்திருந்தது. டோர்ப்பீடோவால் தாக்கியது. நாற்பத்தேழு பேர் மாண்டனர். கடலடியிற் கிடந்த படகின் கதவைத் திறந்து சிலர் நீந்தி மேலே வந்தனர். அதற்கு முந்திய மாதத்தில், சேசெல்ஸ் தீவுகளுக்கு அருகே யூ-198 என்னும் மற்றொரு டி-2 படகை விமானந்தாங்கிகள் துணைநின்ற ஒரு தொகுதி நாட்கணக்கில் துரத்தியது. ஆகஸ்ட் 12ஆந் திகதி பிண்டோன் என்னும் பிரித்தானியக் கப்பலும் கோதாவரி என்னும் இந்தியக் கடற்படைக் கப்பலும் சேர்ந்து அதனை அழித்தன. 66 பேரில் ஒருவரும் தப்பவில்லை. கோதாவரி தேசப்பிரிவினையின் பின் பாகிஸ்தானுக்குப் பங்காகச் சென்று சிந்து என்று பெயர் மாறியது.

கடைசி நாட்களில் இப்படகுகள் வேட்டையை ஏறக்குறைய விட்டுவிட்டுச் சுமைதூக்கிகளாயின. மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளின் இறப்பருக்குப் பெருந்துணையாய் நின்றது இலங்கைத் தோட்டங்கள்; மரம் பட்டுப்போனாலும் போகட்டும் என்று பால் வெட்டினார்கள். ஜேர்மனிக்கோ மலாயா இறப்பர் வேண்டும், வெள்ளீயம் வேண்டும். கொண்டுபோக நீர்மூழ்கியைத் தவிர வேறு கப்பல் இல்லை. ஜலபாலாவை மூழ்கடித்த அதே யூ-532, 1945 ஜனவரியில் பட்டேவியாவிலிருந்து நூறு தொன்னுக்கு மேற்பட்ட வெள்ளீயமும் இறப்பரும் தங்குதன் தாதும் கொயினாவும் ஏற்றிப் புறப்பட்டது. வழியில் இன்னும் இரண்டு கப்பல்களை மூழ்கடித்து, தாயகத்தை நெருங்குமுன் தாயகமே சரணடைந்துவிட்டது. அவர்களும் சரணடைந்தனர். 1945 மே 17ஆந் திகதி லிவர்பூல் துறைமுகத்திற் பிரித்தானியர் அந்தச் சரக்கை இறக்கி எடுத்துக்கொண்டனர்.

கிழக்கே எஞ்சியிருந்த ஜேர்மானிய நீர்மூழ்கிகளை யப்பானியர் கைப்பற்றித் தம் கொடியை ஏற்றினர். 206 நாள் கடலில் நின்ற யூ-181, ஐ-501 ஆயிற்று. மூன்று மாதத்தில் யப்பானும் சரணடைந்தது. 1946 பெப்ரவரியில் பிரித்தானியர் அதனைச் சிங்கப்பூரிலிருந்து இழுத்துச் சென்று மலாக்கா நீரிணையில் மூழ்கடித்தனர்.